என் காலை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்கள் சந்துப் பையன் ஒருவன் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தான். வியாசர்பாடியில் கேப்டன் காட்டன் கால்வாய்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு வெள்ளம் எப்படி வரும் என்று தெரியும். முதலில் சாக்கடை மூடி துள்ளும். அப்புறம் பாத்ரூம் ஓட்டை வழியாகத் தண்ணீர் கொப்பளிக்கும். வாசல் வழியாக வருவது கடைசியில்தான். அன்று மூன்றும் ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடிந்தன.

"ணா, நீ கம்முனு இரு, நான் பாத்துக்குறேன்" என்றான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், மழைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. மெயின் ரோட்டில் ஒரு ஃபைபர் படகு நின்றிருந்தது. அம்மாவை முன்பே ஏற்றியிருந்தார்கள். என்னையும் ஏற்றி, ஒரு பள்ளிக்கூட முகாமில் இறக்கிவிட்டார்கள். அந்தப் பையனுக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது இதுதான்: "கதவுக்குப் பின்னால காலிப்பர் இருக்கு, கட்டை இருக்கு, அதையும் எடுத்துக்கோ."

இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் போனது. தொடையிலிருந்து பாதம்வரை இரும்புக் காலிப்பர், கக்கத்தில் ஒரு கட்டை. இரண்டும் இருந்தால் நான் நடப்பேன், கடைக்குப் போவேன், பேருந்து ஏறுவேன். இல்லாவிட்டால் தரையில் உட்கார்ந்தபடி கையை ஊன்றி நகர வேண்டும். முகாமில் மூன்று நாள் அப்படித்தான் நகர்ந்தேன், நாற்பது தாண்டிய ஆள், நூறு பேர் பார்க்க.

கழிப்பறை பள்ளியின் பின்பக்கம், ஈரமான திறந்த வெளியைத் தாண்டி இருந்தது. குந்தி உட்காரும் பீங்கான். அதனால் நான் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. மூன்று நாளில் ஒரு பாட்டில்கூடக் குடித்திருக்க மாட்டேன். இந்த வழியை நான் மட்டும் கண்டுபிடிக்கவில்லை என்பது பிறகு படிக்கும்போது தெரிந்தது. பேரிடர் முகாம்களில் மாற்றுத்திறனாளிகளும் பெண்களும் எங்கேயும் செய்வது இதைத்தானாம்.

சாப்பாடு ஒரு தன்னார்வக் குழு கொண்டுவந்தது. லைனில் வந்தால் ஆளுக்கு ஒரு பொட்டலம். அம்மா நின்று, "என் பையனுக்கும் ஒண்ணு கொடுப்பா" என்று கேட்டிருக்கிறாள். "அவரை வரச் சொல்லுங்கம்மா. எல்லாருக்கும் ஒரே ரூல்தான்" என்றாராம் கொடுத்தவர். கெட்ட மனிதர் இல்லை. விடிய விடிய நனைந்துகொண்டு வேலை செய்தவர்தான். ஒரு பொட்டலத்தை நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். 'எல்லாருக்கும் ஒரே ரூல்' என்ற அந்த வாக்கியம் மட்டும் தொண்டையில் முள் மாதிரி நின்றுவிட்டது. அதில் என்ன தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் வீட்டுக்குப் போனபோது காலிப்பரின் தோல் ஊறி உப்பியிருந்தது. முட்டிப் பூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டது. கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் புதிதாக அளவு கொடுத்து, அது கைக்கு வரும்வரை கடையைத் திறக்கவில்லை. வெள்ளத்தில் எனக்கு ஏற்பட்ட பெரிய நஷ்டம் அரிசியோ டிவியோ இல்லை, அந்த வருமானம்தான்.

என்னுடையது ஜெராக்ஸ், டிடிபி கடை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வருகிறவர்களுக்கு நான்தான் பூர்த்தி செய்து தருவேன். அப்படித் தட்டிக்கொண்டிருந்தபோது ஒருநாள், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை முதன்முதலாக முழுசாகத் திறந்து படித்தேன். இத்தனை வருடம் அட்டை வைத்திருக்கிறேன், சட்டத்தைப் பார்த்ததில்லை. 1995 சட்டத்தில் ஊன வகை 7 என்றால் இதில் 21. தலசீமியா, பார்கின்சன், அமிலவீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் உள்ளே. படித்துக்கொண்டே வந்தவன் 8-ஆம் பிரிவில் நின்றுவிட்டேன். போர், பேரிடர் போன்ற ஆபத்துக் காலங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு உண்டு என்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகுந்த முறையில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். அப்படியென்றால் நான் பள்ளிக்கூடத் தரையில் நகர்ந்துகொண்டிருந்தபோது, எனக்காக ஒரு பிரிவு ஆறு வருடமாக எழுதி வைக்கப்பட்டிருந்தது.

இதை ஒழுங்காகப் படிக்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. காயா, டிசாஸ்டர்ரெடி என்று இரண்டு இணையதளங்களில் மனிதாபிமான உதவி பற்றிய பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரவு கடையை மூடிவிட்டு அவற்றைப் படிப்பேன். கூடவே ஒரு கல்லூரியில் வார இறுதிச் சான்றிதழ் வகுப்பிலும் சேர்ந்தேன். பாடம், ஊனமுற்றோர் உரிமைகள். வகுப்பு நடந்தது இரண்டாம் மாடியில். லிஃப்ட் கிடையாது.

சிரிக்காதீர்கள், அல்லது சிரியுங்கள், நானும் முதல் நாள் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன். முதல் வாரம் ஏறினேன். இரண்டாம் வாரம் ஏறினேன். அந்த இரண்டாம் வாரம் நடத்திய பாடம் 'ரீசனபிள் அக்காமடேஷன்'. அக்காமடேஷன் என்றால் தங்குமிடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன், ஏதோ ஹாஸ்டல் விஷயம் என்று. அப்படி இல்லை. ஒருவருக்குத் தேவைப்படும்போது, அமைப்பு தன்மேல் அளவுமீறிய சுமை விழாத அளவுக்குச் செய்துகொடுக்க வேண்டிய மாற்றம். என் நோட்டில் 'வளைந்து கொடுத்தல்' என்று எழுதிக்கொண்டேன். அன்றைக்கே ஒரு வெள்ளைத்தாளில், கல்வி நிறுவனம் கட்டடத்தை எல்லோரும் அணுகும்படி வைக்கவேண்டும் என்ற 16-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, கீழ்த்தளத்தில் நூலகத்தை ஒட்டி ஓர் அறை சனிக்கிழமைகளில் காலியாக இருப்பதையும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த வாரம் வகுப்பு கீழே வந்துவிட்டது.

இதில் நான் கற்றதைச் சொல்கிறேன். பிரிவு எண்ணை மட்டும் நீட்டினால் எதிரில் இருப்பவர் விறைத்துக்கொள்கிறார். 'கஷ்டமா இருக்கு சார்' என்று மட்டும் சொன்னால் உச்சுக்கொட்டி அனுப்பிவிடுகிறார். எண்ணோடு சேர்த்து அவர் நாளைக்கே செய்யக்கூடிய ஒரு காரியத்தையும் எழுதிக் கொடுத்தால் காகிதம் நகர்கிறது. மனு எழுதி ஒத்தாசை பண்ணும் தொழில் என்பதால், இப்போது கடைக்கு வருகிற எல்லாருக்கும் இப்படித்தான் எழுதித் தருகிறேன்.

சொற்கள்தான் பெரிய பாடு. மனிதாபிமான உதவிக்கு நான்கு கொள்கைகள் சொல்கிறார்கள்: மனிதநேயம், பாரபட்சமின்மை, நடுநிலை, சுதந்திரம். பாரபட்சமின்மையும் நடுநிலையும் ஒன்றுதானே என்று ஒரு வாரம் குழம்பினேன். நடுநிலை என்பது சண்டையில் எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பது. பாரபட்சமின்மை என்பது சாதி, மதம், கட்சி பார்க்காமல், தேவையை மட்டும் பார்த்து, அதிகத் தேவை உள்ளவருக்கு முதலில் கொடுப்பது. அதாவது எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுப்பது பாரபட்சமின்மை ஆகாது. இதைப் படித்த இரவு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த முள்ளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. வரிசை என்பதே, நிற்க முடிந்தவர்களுக்குச் சாதகமான ஒரு விதி. அதை வைத்துவிட்டு 'ஒரே ரூல்' என்றால், நிற்க முடியாதவனை வெளியே தள்ள யாரும் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006-இல் நிறைவேறியது, இந்தியா 2007-இல் ஏற்றது. அதன் 11-ஆம் விதியும் போர், பேரிடர் காலப் பாதுகாப்பைப் பற்றியதுதான், நம் 8-ஆம் பிரிவு பேசும் அதே விஷயம். 2019-இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து, உதவி வேலையில் மாற்றுத்திறனாளிகளை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று தனி வழிகாட்டி ஒன்றே போட்டிருக்கிறார்கள். தடித்த புத்தகம். கட்டாயம் செய்யவேண்டியவை என்று அது சொல்வது நான்குதான்: முடிவெடுக்கும் இடத்தில் அவர்களை உட்கார வை, தடைகளை அகற்று, அவர்கள் திறனை வளர், யார் எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கைப் பிரித்து எடு.

ஸ்ஃபியர் என்று இன்னொரு கையேடு உண்டு, முகாம் நடத்துகிறவர்கள் வைத்துக்கொள்ளும் அளவுகோல். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. படுக்க, புழங்க ஆளுக்கு 3.5 சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 38 சதுர அடி. எங்கள் சந்தில் சில வீடுகள் வெயில் காலத்திலேயே இந்தக் கணக்கைத் தொடாது, அது வேறு கதை.

வகுப்பில் புழல் காவாங்கரையில் உள்ள இலங்கைத் தமிழர் அகதி முகாமில் வளர்ந்த ஒரு பெண் என் பக்கத்தில் உட்காருவார். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்று ஆசிரியர் சொன்னபோது, "எங்களுக்கு வர்றதெல்லாம் உதவிதான் அண்ணா, உரிமைன்னு எதையும் கேக்க முடியாது. உங்களுக்காவது ஒரு பிரிவு இருக்கு" என்றார் மெதுவாக. பதில் சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

வகுப்புக்கு ஒரு களப்பணி செய்யவேண்டும். எங்கள் சந்து வீடுகளையே எடுத்துக்கொண்டேன். வீடு வீடாகப் போய், "உங்க வீட்ல மாற்றுத்திறனாளி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். இரண்டே இரண்டு வீட்டில் ஆம் என்றார்கள். மற்றவர்கள் என் காலைப் பார்த்துவிட்டு, "இல்லப்பா, கடவுள் புண்ணியத்துல" என்றார்கள்.

ஆசிரியர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஊனத்தைக் கணக்கெடுக்க ஐ.நா. அமைத்த வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளை வைத்துத் திரும்பக் கேட்கச் சொன்னார். அதில் ஊனம் என்ற சொல்லே வராது. கண்ணாடி போட்டும் பார்க்கச் சிரமம் இருக்கா? காது மெஷின் வைத்தும் கேட்கச் சிரமமா? நடக்க, படி ஏற? ஞாபகம் வைத்துக்கொள்ள, ஒரு விஷயத்தில் கவனம் வைக்க? தானே குளிக்க, துணி உடுத்த? மற்றவர் சொல்வதைப் புரிந்துகொள்ள, தான் சொல்வதைப் புரியவைக்க? பதிலும் நான்கே வகை: சிரமம் இல்லை, கொஞ்சம், ரொம்ப, முடியவே முடியாது. ஏதாவது ஒன்றில் 'ரொம்ப' அல்லது 'முடியாது' வந்தால் கணக்கில் சேர்க்கவேண்டும்.

அதே சந்தில் பதினொரு பேர் வந்தார்கள். சர்க்கரையால் பார்வை மங்கிய பாட்டி, பக்கவாதம் வந்து பேச்சு குழறும் முன்னாள் துறைமுகத் தொழிலாளி, முட்டி தேய்ந்து மாடியை விட்டு இறங்கி மாதக்கணக்காகும் ஒரு அக்கா. இவர்களில் பலரிடம் அட்டை கிடையாது. அட்டை என்றால் எத்தனை சதவீதம் ஊனம், மருத்துவர் சான்று என்று நீளும். தண்ணீர் ஏறும்போது சதவீதத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்கப் போனால் சில விஷயங்களை மனதில் வையுங்கள். காலை பத்து மணிக்குப் போகாதீர்கள், குழாயடி வேலை நடக்கும். மருமகள் பதில் சொல்லிவிட்டால் மாமியாரை விட்டுவிடாதீர்கள், அந்த அம்மாவிடமே நேராகக் கேளுங்கள், இருவர் பதிலும் ஒன்றாக இருப்பதில்லை. 'அரசாங்கத்துல ஏதாவது தருவாங்களா?' என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மனநலப் பிரச்சினை உள்ளவர்கள் இந்த ஆறு கேள்வியில் சரியாகச் சிக்கமாட்டார்கள் என்பதையும் மறக்கவேண்டாம்.

ஒரு வீட்டில் நான் பெரிய தப்புப் பண்ணப் பார்த்தேன். வலிப்பு வரும் ஒரு பெண். விவரத்தையெல்லாம் எழுதிவிட்டேன். நான் கிளம்பும்போது அவள் அம்மா பின்னாலேயே வந்து, "தம்பி, பொண்ணு பாக்க வராங்க. அந்தப் பேப்பர் நாலு பேர் கைக்குப் போகும்ல?" என்றார். அங்கேயே அந்த வரியை அடித்துக் கிழித்தேன். அந்தப் பெண்ணே மறுநாள் கடைக்கு வந்து, நோய் பெயர் போடாமல் 'படகில் கூட ஒரு ஆள் வேண்டும்' என்று மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். உண்மையில் நமக்குத் தேவைப்படுவதும் அவ்வளவுதான். அதன் பிறகு எல்லாருக்கும் அப்படியே மாற்றினேன்: என்ன நோய் என்று எழுதாமல், தண்ணீர் வந்தால் என்ன வேண்டும் என்று மட்டும்.

பட்டியலின் ஒரு பிரதியை ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்னொரு பிரதியைச் சந்து முனை கேரம் கிளப் பையன்களிடம் கொடுத்தேன். வேலை நடந்தது அங்கேதான். ஒரு வீட்டுக்கு இரண்டு பையன்கள். காது கேளாத தம்பி ஒருவன் இருக்கிறான், ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தால் அவனுக்கு என்ன தெரியும்? அவனிடமே கேட்டோம். ஃபோனை வைப்ரேட்டில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பானாம், வீடியோ காலில் விடாமல் அடிக்கச் சொன்னான். கரண்ட் போனால் ஜன்னலில் டார்ச்சை மூன்று முறை அடிப்பது என்று முடிவானது.

அப்புறம் சறுக்குப் பலகை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்கிற ஆபத்தான காரியம் இது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான்கு படி. கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து எட்டடி சாரப் பலகை வாங்கிவந்து படிமேல் சாய்த்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் வரும் எங்கள் பக்கத்துத் தெருக்காரர் ஒருவரை வைத்துப் பார்த்தோம். பாதியில் நாற்காலி பின்பக்கம் கவிழப் போனது, மூன்று பேர் பிடித்ததால் தப்பினார். கணக்கு ரொம்ப எளிது: ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படி நான்கு என்றால் 24 அங்குலம், அதற்கு 24 அடி சறுக்குப் பாதை. எட்டடிப் பலகை எந்த மூலைக்கு? பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பள்ளியைச் சுற்றி வந்தோம். பின்பக்கம் சத்துணவுக் கூடத்தை ஒட்டிய வகுப்பறைக்கு ஒரே ஒரு படி. ஆறடி போதும். கழிப்பறையும் அதற்குப் பக்கம். தலைமை ஆசிரியர் அந்த அறைச் சாவியை ஒதுக்கிக் கொடுத்தார். கட்டுவதற்கு முன் சுற்றிப் பார்க்கவேண்டும் என்று எந்தப் பாடத்திலும் எனக்குக் கண்ணில் படவில்லை.

கழிப்பறைக்கு ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவே வட்டமாக வெட்டி ஓரத்தைத் தேய்த்து வைத்தோம். அது முட்டி தேய்ந்த அக்காவின் யோசனை. கை வைத்த நாற்காலியாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எழ முடியாது என்றும் அவர்தான் சொன்னார்.

2024 அக்டோபர் நடுவில் ஒரு நாள் மழை வெளுத்து வாங்கியது. தண்ணீர் முட்டிவரை வந்தது. எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். பக்கவாதம் வந்த பெரியவர் இரண்டு மாதம் முன்பே கொடுங்கையூருக்கு வீடு மாறியிருந்தார். அவர் வீட்டுக்குக் குடிவந்த புதுக் குடும்பத்தில் கைக்குழந்தையோடு பார்வையில்லாத ஒரு பெண் இருந்ததை யாரும் எழுதவில்லை. அவரை அக்கம்பக்கத்தார்தான் அழைத்து வந்தார்கள். பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தாவிட்டால் அது ஜெராக்ஸ் பேப்பர்தான், இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. சாப்பாடு வந்தபோது வரிசைக்கு முன்னால் பின்பக்க அறைக்குப் பன்னிரண்டு பொட்டலம் போனது. யாரோ ஒருவர், "அவங்களுக்கு மட்டும் இன்னா ஸ்பெஷல்?" என்று சத்தம் போட்டார். கேரம் கிளப் பையன் ஏதோ சொல்லிச் சமாளித்தான், பாரபட்சமின்மை பற்றி நிச்சயம் இல்லை.

என்னைக் கூட்டிப் போக வந்தது பழைய பையன்தான். விடிகாலை ஐந்து மணி இருக்கும். கதவைத் தட்டி உள்ளே வந்தவன் என்னைத் தொடவே இல்லை. கதவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான்.

"ணா, மொதல்ல கால எட்து குடு."

காலிப்பரை பிளாஸ்டிக் கோணியில் சுற்றி அவன் தோளில் மாட்டினேன், கட்டையை நானே பிடித்துக்கொண்டேன். கட்டை நுனிக்கு மாற்று ரப்பர் புஷ் வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அது அலமாரி மேலேயே இருந்துவிட்டது. பள்ளிக்கூட வராந்தாவின் ஈர மொசைக்கில் பழைய புஷ் வழுக்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.